விசாகத்துக்கு ஆமை வாங்கி விடலாமா?

தெம்பனிஸ் வாசகி | 2025 ஏப்ரல் 26, இரவு 9.15

மேல்மாடியில் இருக்கும் சீன ஆன்ட்டி வருஷா வருஷம் விசாக தினத்துக்கு (புத்தர் திருநாள்) ஆமை, தவளை எல்லாம் வாங்கி நீர்த்தேக்கத்தில் விடுவாராம். எங்கள் வீட்டிலும் ஒரு ஆமை இருக்கிறது. பையன் தொடக்கநிலை ஒன்றில் இருந்தபோது காசு அகலத்தில் வாங்கியது, இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை. "அதையும் கொண்டு வா, சேர்த்து விட்டுடலாம், புண்ணியம்" என்கிறார். பிளாஸ்டிக் தொட்டியில் கிடப்பதைவிட அது நல்லதுதானே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளத்தங்கரை | ஏப்ரல் 26, இரவு 10.40

விடாதீர்கள். உங்களிடம் இருப்பது சிவப்புக்காது ஆமை. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து உயிரினம். குஞ்சு 3 செ.மீ. இருக்கும், பெட்டை 25 செ.மீ.க்கு மேல் வளரும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் முப்பது வருஷம் இருக்கும். விற்பவர் இதில் எதையும் சொல்வதில்லை. அதனால்தான் நாலைந்து வருஷத்தில் எல்லா வீட்டிலும் இதே கேள்வி வருகிறது.

தொட்டியில் வளர்ந்தது வெளியே போனால் இரண்டில் ஒன்று நடக்கும். தீனி கையால் வந்து பழகியதால் தேடத் தெரியாமல் மெலிந்து சாகும். அல்லது பிழைத்துக்கொள்ளும், அது அதைவிட மோசம். நம் சிங்கப்பூர் நீர்நிலைகளில் மலாயாப் பெட்டி ஆமை, கருஞ்சேற்று ஆமை என்று உள்ளூர் ஆமைகள் இருக்கின்றன. கரையில் வெயில் காய ஒரு மரக்கட்டைதான் கிடக்கிறது என்றால் பெரிய உடம்புக்காரனுக்குத்தான் அது கிடைக்கும். வெயில் காயாத ஆமைக்குச் செரிமானம் நடக்காது, ஓடு அழுகும். ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இந்த ஆமையின் இறக்குமதியை நிறுத்தியது. அமெரிக்கா 1975 முதல் 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்கவே தடை போட்டிருக்கிறது. அது சால்மொனெல்லா என்ற வயிற்றுநோய்க் கிருமிக்காக: குழந்தைகள் குட்டி ஆமையை வாயில் வைத்துக்கொள்வார்கள்.

சட்டப்படியும் குற்றம். வனவிலங்குச் சட்டத்தில் முதல் தடவை 5,000 வெள்ளி வரை அபராதம்.

குளத்தங்கரை | ஏப்ரல் 27, காலை 7.05

நேற்று தவளையைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். ஆன்ட்டி வாங்குவது ஈரச்சந்தைத் தவளை என்றால் அது அமெரிக்கக் காளைத்தவளை. கஞ்சியில் போடுவதற்காகப் பண்ணையில் வளர்ப்பது. சிமெண்ட் தொட்டியில் பிறந்து, மிதக்கும் உருண்டைத் தீனி தின்று வளர்ந்தது. அசையும் பூச்சியை நாக்கால் பிடித்ததே கிடையாது. நீர்த்தேக்கத்தில் விட்டால் பெரும்பாலானவை சில நாளில் செத்து ஒதுங்கும். அதுவரை வெட்டவெளியில் உட்கார்ந்திருப்பதை உடும்பும் கொக்கும் எடுத்துக்கொள்ளும்.

சாவதோடு முடிவதில்லை. காளைத்தவளை தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சையைச் சுமக்கும், ஆனால் தான் நோயில் விழாது. தவளைக்குத் தோல்தான் பாதி நுரையீரல், உப்புச்சத்தைச் சமன் செய்வதும் அதுதான். பூஞ்சை பிடித்த மற்ற தவளைகளுக்கு உப்பு குறைந்து இதயம் நின்றுபோகும். பத்துத் தவளைக்கு விடுதலை கொடுத்ததாக நினைத்து ஓடையில் இருக்கும் மற்ற தவளைகளுக்கெல்லாம் நோயைக் கொடுத்துவிட்டு வருவோம்.

அறவழி | ஏப்ரல் 27, பகல் 1.30

ஆயிரத்தைந்நூறு வருஷ வழக்கம் இது. சாகப் போகும் உயிரைக் காசு கொடுத்து மீட்பது ஜீவகாருண்யம். சூழல், சட்டம் என்று பேசி ஒரு மதத்தின் நெஞ்சில் கை வைக்கிறீர்கள்.

குளத்தங்கரை | ஏப்ரல் 27, இரவு 11.20

நெஞ்சில் கை வைக்கவில்லை. அந்த நெஞ்சில் என்ன இருந்தது என்று பார்க்கலாம்.

சீனர்கள் ஃபாங்ஷெங் என்கிறார்கள், 'உயிரை விடுவித்தல்'. இதற்கு மூலமாக எல்லோரும் சொல்வது சுவர்ணபிரபாச சூத்திரம் என்ற பௌத்த நூலில் வரும் ஜலவாகனன் கதை. வைத்தியர் மகன். வற்றிக்கொண்டிருந்த குளத்தில் பத்தாயிரம் மீன் துடிப்பதைப் பார்க்கிறான். அரசனிடம் இருபது யானை கேட்டு வாங்கி, தோற்பைகளில் தண்ணீர் சுமந்து வந்து குளத்தை நிரப்புகிறான். பிறகு தன் வீட்டுச் சாப்பாட்டை வரவழைத்துப் போடுகிறான். இதில் ஒரு மீனைக்கூட அவன் இடம் மாற்றவில்லை. அவை இருந்த குளத்துக்கே தண்ணீரைக் கொண்டுவந்தான். அந்த மீன்களுக்கு எது இல்லை என்று பார்த்து அதை மட்டும் செய்தான்.

தமிழிலும் இதே மனசு உண்டு. மணிமேகலையில் ஆபுத்திரன், வேள்விக்காகக் கட்டிவைத்த பசுவை இரவோடு இரவாக அவிழ்த்துக்கொண்டு போகிறான். பிடிபட்டு அடி வாங்குகிறான். அந்தப் பசு மறுநாள் சாகப் போவது நிச்சயம். அவன் வருகிறான் என்பதற்காக யாரும் அதைக் கட்டி வைக்கவில்லை.

சீனத்தில் பௌத்தம் வேரூன்றிய பிறகு ஆறாம் நூற்றாண்டில் தியந்தாய் என்ற பௌத்த மரபின் துறவி ஜியி மீனவர்களிடம் பேசி, மீன் பிடிக்காத நீர்ப்பகுதிகளை உண்டாக்கினார். 759இல் தாங் பேரரசர் சூசோங் நாடெங்கும் 81 விடுவிப்புக் குளங்களுக்கு ஆணையிட்டார். இரண்டிலும் மையம் பிடிக்கத் தடை போட்ட நீர்தான்.

எதிர்க்கேள்வியும் அதே அளவுக்குப் பழசு. லியேசி என்ற தாவோ நூலில் ஒரு பிரபு வருகிறான். ஹண்டான் ஊர் மக்கள் புத்தாண்டு நாளில் அவனுக்குப் புறாக்களைக் காணிக்கை தருகிறார்கள், அவன் நல்ல பரிசு கொடுத்துப் புறாக்களைப் பறக்க விடுகிறான். விருந்தாளி ஒருவன் சொல்கிறான்: நீங்கள் விடுவீர்கள் என்று தெரிந்துதான் போட்டிபோட்டுப் பிடிக்கிறார்கள், பிடிக்கும்போதே பல சாகின்றன, உயிரோடு இருக்கவேண்டும் என்றால் பிடிக்காதே என்று தடை போடுங்கள். பிரபு ஒப்புக்கொள்கிறான்.

ஆன்ட்டி விசாகத்துக்கு ஒரு வாரம் முன்பே கடையில் சொல்லிவைத்து முன்பணம் கொடுக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். கொடுத்திருந்தால் அந்த ஆமை சாகப் போன ஆமை இல்லை. அவருக்காகவே வரவழைத்த ஆமை.

அறவழி | ஏப்ரல் 28, காலை 6.50

ஹண்டான் கதை எனக்குப் புதிது. யோசிக்கிறேன். ஆனால் சந்தையில் இன்று இரவு வெட்டப்போகும் மீனை, சொல்லிவைக்காமல், கண்ணில் பட்டதும் வாங்கினால்?

குளத்தங்கரை | ஏப்ரல் 28, காலை 8.10

அது ஆபுத்திரன் செய்தது, சரி. ஆனால் அடுத்த கேள்வி, எங்கே விடுவது? சந்தைத் தொட்டியில் நிற்பது பெரும்பாலும் கடல் கூண்டில் வளர்த்த கொடுவா, இல்லையென்றால் பண்ணைத் திலாப்பியா. நாள்கணக்கில் நெருக்கிவைத்து, செதில் உதிர்ந்து, புண்ணோடு இருப்பவை. பண்ணை மீனைக் காட்டு நீரில் சேர்ப்பது கூட்டத்துக்கே நோய் கொடுப்பது. இந்த ஊரில் நல்ல விடை எனக்குக் கிடைக்கவில்லை.

வாட் அருண் பக்கம் | ஏப்ரல் 29, இரவு 8.00

பாங்காக்கில் நிலைமை வேறு. படகுத்துறைக்குத் துறை வாளியில் வைத்து விற்கிறார்கள். எந்த உயிருக்கு எந்தப் பலன் என்று பட்டியலே உண்டு. விலாங்கு விட்டால் தொழில் வழுக்கிக்கொண்டு போகும். ஆற்று நத்தைக்குத் தாய் மொழியில் 'கசப்பு நத்தை' என்று பெயர், அதை விட்டால் மனக்கசப்பு போகும். எல்லாம் சொல்லை வைத்து வந்த நம்பிக்கை.

விலாங்கு என்று நான் சொல்வது சேற்று விலாங்கு, வயல் வரப்பில் வளை தோண்டி இருப்பது. வாயால் காற்றை விழுங்கித்தான் மூச்சு விடும், அடிக்கடி மேலே வரணும். கான்கிரீட் துறையில் நின்று சாவோ பிரயா ஆற்றின் நடு ஆழத்தில் கொட்டினால் ஏறி ஏறிச் சோர்ந்து செத்துப் போகும். அதற்கு வேண்டியது முழங்கால் ஆழம், தேங்கிய நீர், களிமண் கரை. அந்த நத்தைக்கும் சேறு படிந்த மெதுவான வாய்க்கால் வேண்டும். விரால் (நம் ஊர் விராலேதான்) செடி அடர்ந்த கரையோரம் கேட்கும். மூன்றையும் ஒரே படிக்கட்டில் நின்று ஒரே வாளியிலிருந்து கவிழ்க்கிறார்கள். கெளுத்தி என்று விற்பது ஆப்பிரிக்கக் கெளுத்தியும் உள்ளூர்க் கெளுத்தியும் கலந்த பண்ணை இனம், போகிற இடமெல்லாம் சின்ன மீனைத் தின்று தீர்க்கும்.

குளத்தங்கரை | ஏப்ரல் 29, இரவு 9.30

கோயில் படித்துறைக்கு முன்னால் மீன் பிடிக்கக் கூடாத எல்லை உண்டே, அதற்கு என்ன பெயர்?

வாட் அருண் பக்கம் | ஏப்ரல் 29, இரவு 9.48

'கெத் அபைதான்'. அபயதான எல்லை. நம்முடைய அபயதானம் என்ற சொல்லேதான். பலகை வைத்திருப்பார்கள், அங்கே யாரும் தூண்டில் போடமாட்டார்கள், ஆள் நீளத்துக்கு மீன் புரளும். குறை ஒன்று: எல்லோரும் ரொட்டியை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள்.

குளத்தங்கரை | ஏப்ரல் 30, காலை 6.30

ஜியி செய்தது இன்னும் அங்கே உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். வாளியை விட அந்தப் பலகை எத்தனையோ மடங்கு உயிரைக் காக்கிறது.

நேற்றைய குறிப்புகளைப் படித்ததும் என் முதல் பதிலில் ஒரு ஓட்டை தெரிந்தது. தமிழில் எல்லாமே 'ஆமை'. சீனத்திலும் பேச்சு வழக்கில் அப்படித்தான். வாங்குபவர் பிரித்துப் பார்ப்பதில்லை, நிலத்து ஆமையைத் தண்ணீரில் போட்டுவிடுகிறார்கள். அது கல் மாதிரி இறங்கி மூழ்கிச் சாகும். காலைப் பாருங்கள். நிலத்து ஆமைக்கு யானைக்கால் மாதிரி உருண்டை, கட்டை நகம், விரல் பிரிந்து தெரியாது, ஓடு குவிந்திருக்கும். நன்னீர் ஆமைக்கு விரல்களுக்கு நடுவே தோல் விரியும், ஓடு தட்டை. துடுப்பு மாதிரி விரலே இல்லாத கால் என்றால் கடலாமை, அது யார் கையிலும் இருக்கவே கூடாது.

மீன்தொட்டி | மே 1, பகல் 12.15

மீன் விடுகிறவர்கள் பையை அப்படியே கவிழ்க்காமல், 20 நிமிஷம் மிதக்கவிட்டு, பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒரு குவளை வெளித்தண்ணீர் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து விட்டால் பிழைக்கும்.

குளத்தங்கரை | மே 1, இரவு 10.05

மிதக்கவிடுவது சரி, திறக்காமல். ஒரு மணி நேரம் குவளை குவளையாகச் சேர்ப்பது, பக்கத்துக் கடையில் அரை மணிக்கு முன் வாங்கிய மீனுக்குப் பொருந்தும். நெடுந்தூரம் வந்த பைக்கு அதுவே கொல்லும்.

பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்ஸிஜன். பல மணி நேரம் மீன் மூச்சு விட்டதில் கரியமிலவாயு கரைந்து தண்ணீர் புளித்திருக்கும், பி.எச். எண் இறங்கியிருக்கும் (புளிப்பு கூடினால் இது இறங்கும்). மீன் கழித்த அமோனியாவும் அதில் சேர்ந்திருக்கும். ஆனால் புளித்த நீரில் அது பெரும்பாலும் அமோனியம் என்ற அதிகம் தீங்கில்லாத வடிவில் நிற்கும். பையின் வாயைத் திறந்ததும் கரியமிலவாயு வெளியேறும், பி.எச். மளமளவென்று ஏறும். ஒரு அலகு ஏறினால் நச்சு அமோனியா ஏறத்தாழ பத்து மடங்கு. மீன் செவுளை வேகமாக அடிப்பதைப் பார்த்து "சந்தோஷத்தில் துள்ளுகிறது" என்பார்கள். செவுள் வெந்துகொண்டிருக்கிறது. திறந்தால் உடனே வலையால் அள்ளி மாற்றவேண்டும், பைத்தண்ணீரை உள்ளே ஊற்றக் கூடாது.

இதை எழுதுவது மீன் விடச் சொல்வதற்காக இல்லை. தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஆகட்டும்.

மீன்தொட்டி | மே 2, காலை 9.00

ஒப்புக்கொள்கிறேன். கடைக்கு வரும் பெரிய பைகளை நாங்களும் அப்படித்தான் உடனே மாற்றுவோம், இங்கே அதைச் சொல்லத் தோன்றவில்லை. பறவை பற்றி யாரும் எழுதவில்லையே?

குளத்தங்கரை | மே 3, இரவு 11.45

கம்போடியாவின் புனோம் பென்னில் வாட் புனோம் குன்றடியிலும் ஆற்றங்கரையிலும் கூண்டில் விற்பதில் நிறைய சில்லைகள், இடையிடையே தகைவிலான்கள். சில்லை பன்னிரண்டு பதினாலு கிராம். அந்த உடம்பில் ஒரு பகல் பட்டினியைத் தாங்கக் கொழுப்பு இல்லை. புல்வெளியில் வலைபோட்டுப் பிடித்து, நெருக்கி அடைத்து, வெயிலில் தண்ணீர் இல்லாமல் கொண்டுவந்தால் விற்பனைக்கு முன்பே அடியில் கிடப்பவை சாகும். தகைவிலான் பறந்துகொண்டே பூச்சி தின்னும் பறவை, கூண்டில் எதைப் போட்டாலும் தொடாது. கூண்டில் அது நிற்கும் ஒவ்வொரு மணியும் அதன் ஆயுளிலிருந்து போகிறது. விட்ட பறவையில் பலவும் மயங்கிப் பக்கத்து மரத்திலேயே உட்காரும், மறுபடி வலைக்குள் வரும்.

இனங்களை ஒரே கூண்டில் கலந்து அடுக்குவதால் நோயும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும். ஹாங்காங்கில் 2006, 2007இல் நகருக்குள் செத்துக் கிடந்த சில்லைகளில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமி இருந்தது. அவை விடுவிக்க வாங்கிய பறவைகளாக இருக்கலாம் என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், விசாகம் மட்டும் பேசினால் மற்றது மறைந்துபோகும். தாய்லாந்தின் ஸ்ரீராச்சாவில் ஒரு பச்சைக் கடலாமை. குளத்தில் காசு போட்டால் ஆயுள் கூடும் என்று மக்கள் போட்டதையெல்லாம் விழுங்கி வைத்தது. 2017 மார்ச்சில் பாங்காக்கின் சூலலொங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் வயிற்றைத் திறந்து 915 காசு எடுத்தார்கள், ஏறத்தாழ 5 கிலோ. நிமிர்ந்து நீந்த முடியாதபடி அந்தக் கனம் இழுத்திருக்கிறது. உண்டியல் என்று பொருள்படும் 'ஓம்சின்' என்ற பெயரை வைத்திருந்தார்கள். அந்த மாதமே செத்துப்போனது. காசு போட்ட ஒவ்வொருவரும் நல்லதை வேண்டிக்கொண்டுதான் போட்டார்கள்.

வாட் அருண் பக்கம் | மே 4, காலை 7.20

இங்கிலாந்து விஷயமும் உண்டு. 2015இல் பிரைட்டன் கடலில் 361 அமெரிக்கச் சிங்கி இறால், 350 டஞ்சனஸ் நண்டு. புண்ணியத்துக்காக 5,000 பவுண்டுக்கு வாங்கிப் படகிலிருந்து விட்டார்கள். இரண்டுமே அந்தக் கடலுக்கு அந்நியம், உள்ளூர் மீனவர்களை வைத்து மறுபடி பிடிக்க வேண்டியதாயிற்று. 2017இல் இரண்டு பேருக்கு அபராதமும் நஷ்டஈடும் விதித்தார்கள்.

குளத்தங்கரை | மே 4, காலை 9.10

அபராதம் பற்றி என் முதல் குறிப்பைத் திருத்துகிறேன். 5,000 வெள்ளி என்றது வனவிலங்குச் சட்டத்தில் முதல் தடவைக்கு. மறுபடி செய்தால் 10,000 வரை. ஆனால் வாசகியின் ஆமை வளர்ப்புப் பிராணி. அதைக் கொண்டுபோய் விடுவது 'கைவிடுதல்', அது வேறு சட்டம்: 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விசாகத்தை ஒட்டித் தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் நீர்த்தேக்கங்களில் தொண்டூழியர்களை நிறுத்துகிறார்கள். மெக்ரிட்சியில் வாளியோடு வருபவரிடம் அவர்களே பேசுவார்கள். ஆன்ட்டியை அந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டாம், நீங்களே பேசிவிடுங்கள்.

தெம்பனிஸ் வாசகி | மே 6, இரவு 8.30

பேசினேன். முன்பணம் கொடுத்திருந்தார். ஹண்டான் கதையைச் சொன்னேன், ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப நான் விசாகத்துக்கு என்ன செய்யறது?" என்று கேட்கிறார். வெறும் 'செய்யாதே' என்பது அவருக்குப் போதவில்லை.

குளத்தங்கரை | மே 7, இரவு 12.20

போதாதுதான். நியாயமான கேள்வி.

ஜப்பானின் நாராவில் சருசாவா குளம், கோஃபுகுஜி கோயிலின் விடுவிப்புக் குளம். அங்கே தங்கமீன் விடுவது வழக்கம். ஆட்சேபம் எழுந்ததும் சடங்கை நிறுத்தாமல் மாற்றினார்கள்: அதே குளத்தில் இருக்கும் உள்ளூர் மீனைப் பிடித்து, மந்திரம் ஓதி, அதே குளத்தில் விடுகிறார்கள். எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை, பிடிப்பதே அதற்கு ஒரு பாடு. ஆனாலும் குளத்துக்கு அந்நியம் எதுவும் வருவதில்லை.

ஆன்ட்டிக்கு நான் சொல்வது வேறு. அலையாத்திக் கரையில் அறுந்து கிடக்கும் தூண்டில் நரம்பும் கைவிட்ட வலையும் இருக்கும். தண்ணீர் வற்றிய நேரத்தில், முழுக்கை உறை போட்டு, குட்டைக் கத்தரியால் வெட்டி எடுக்கவேண்டும். இழுக்கக் கூடாது, இழுத்தால் வேரும் மாட்டியிருக்கும் நண்டின் காலும் போகும். அதில் சிக்கியிருக்கும் நண்டை ஒவ்வொரு இழையாக வெட்டி, அந்த இடத்திலேயே சேற்றில் வைத்தால் அது நடந்து வளைக்குள் போய்விடும். தனியாகப் போகவேண்டாம், கரையைச் சுத்தம் செய்யும் தொண்டூழியக் குழுவோடு போகலாம்.

இன்னொன்று, செப்டம்பர் முதல் நவம்பர் வரை. வடக்கிலிருந்து வரும் தோட்டக்கள்ளன் (பிட்டா) இனப் பறவைகள் இரவில் பறந்துவந்து கண்ணாடிக் கட்டடங்களில் மோதி நடைபாதையில் விழுந்து கிடக்கும். துண்டால் மூடித் தூக்கி, காற்றுத்துளை போட்ட அட்டைப் பெட்டியில், அடியில் துணி விரித்து வைத்து மூடவேண்டும். இருட்டும் அமைதியும்தான் மருந்து. வாயில் தண்ணீர் விடக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். மேலே ஊதித் தட்டி எழுப்பக் கூடாது. சிறகு தொங்கினாலோ தலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ உடனே வனவிலங்கு மீட்பாளர்களைக் கூப்பிடவேண்டும். இல்லையென்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உள்ளே தத்தும் சத்தம் கேட்கும். கண்ணாடி இல்லாத, மரம் இருக்கும் இடத்தில் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்துவிட்டு நாலு எட்டு தள்ளி நில்லுங்கள். அதுவாகப் போகட்டும், மேலே தூக்கி எறியக் கூடாது.

அறவழி | மே 7, காலை 6.15

இது ஃபாங்ஷெங் தான். இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்ல நினைத்தேன், சொல்ல வரவில்லை.

தெம்பனிஸ் வாசகி | மே 12, மாலை 5.40

ஆன்ட்டி முன்பணத்தை விட்டுவிட்டார். இன்று கோயிலுக்குப் போய்விட்டு மதியம் சைவச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். நம் ஆமையைப் பார்த்துவிட்டு, கண் வீங்கியிருக்கிறதே என்றார். உண்மைதான், இமை உப்பி மூடியே இருக்கிறது. இத்தனை நாளும் தீனி காய்ந்த இறால் மட்டும்தான். தொட்டி 60 செ.மீ. நீளம், சன்னல் ஓரம்.

குளத்தங்கரை | மே 12, இரவு 7.00

நாளைக்கே ஆமை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். காய்ந்த இறாலில் வைட்டமின் ஏ கிடையாது. அது குறைந்தால் முதலில் இமைதான் வீங்கும். ஊசி அவர் போடட்டும், நீங்களாகச் சொட்டுமருந்து வாங்கிக் கொடுக்கவேண்டாம், அளவு கூடினால் தோல் உரியும்.

சன்னல் ஓர வெயில் கணக்கில் வராது. கண்ணாடி வெயிலில் இருக்கும் யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும், அது இல்லாமல் ஓடு இறுகாது. யு.வி.பி. விளக்கு வாங்கி, முழுக்கக் காய்ந்த மேடை ஒன்று வைத்து, மேடையில் 30 முதல் 32 டிகிரி வரும்படி விளக்கைத் தொங்கவிடுங்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் குறைந்துபோகும், வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்றவேண்டும். தொட்டி, ஓட்டின் ஒரு செ.மீ.க்கு 15 லிட்டர் என்று வையுங்கள். உங்களுடையது 25 செ.மீ. என்றால் 375 லிட்டர். வீவக அடுக்குமாடி வீட்டில் பெரிய இடம்தான், முடியாவிட்டால் வேறு நல்ல கையைத் தேடவேண்டும். அதுவரை நீங்கள்தான். வளர்ந்த ஆமைக்குக் கீரைதான் முக்கால்வாசி: சாய் சிம், ரோமைன் இலை, வாரம் ஒருமுறை துருவிய பூசணி. உருண்டைத் தீனி ஒருநாள் விட்டு ஒருநாள், அதன் தலை அளவுக்கு மட்டும். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவணும், பையனுக்கும் சொல்லுங்கள்.

இன்றைக்குத் தீனி போட்டுத் தின்னவில்லை என்றால் பயப்படவேண்டாம். இந்த ஆமை தண்ணீருக்குள் இருந்துதான் விழுங்கும், பார்த்துத்தான் எடுக்கும். கண் திறக்கும்வரை அதற்குத் தீனி இருப்பதே தெரியாது. காலையில் மருத்துவரிடம் முதல் ஆளாகப் போய்விடுங்கள்.